இல்லாத படங்கள்

சிலிபின் வட்டாரத்தில் கத்தரினின் வீட்டு ஹாலில், சன்னலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கோவிட் காலத்தில் பள்ளிக்கூடங்களை மூடி, பிள்ளைகளை வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னபோது மகள் மிஷெலுக்காக இரண்டாங்கையாக வாங்கியது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு அது வீட்டுக்கே பொதுவாகிவிட்டது. மிஷெல் பாடம் செய்வாள். கத்தரின் தான் வேலை பார்க்கும் பாலர் பள்ளிக்கும், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்கும் வேண்டிய தாள்களை அதில்தான் தயார் செய்வாள். கணவர் டொமினிக் அதன் பக்கமே போகமாட்டார். கைப்பேசியே அவருக்குப் போதும். டொமினிக்கின் தம்பி லயனல் வந்து சேர்ந்த பிறகு, அவனும் அதில் உட்கார்ந்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தான்.

லயனலுக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. தஞ்சோங் மாலிமில் கார் உதிரிப் பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வெகுகாலம் இருந்தவன். கம்பெனியை மூடியதும் ஒரு பெட்டியும் கித்தாருமாக அண்ணன் வீட்டுக்கு வந்தான். பின்னறையைக் கொடுத்தார்கள். வந்த நாளிலிருந்து சும்மா இருக்கவில்லை. வெங்காயம் உரித்தான், ஒழுகிய குழாயை மாற்றினான், மிஷெலை டியூஷனுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தான். கோயில் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஜோவான் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கித்தார் கற்றுக்கொடுத்தான். கொழுந்தன் இப்படி அமைய வேண்டுமே என்று கத்தரினே இரண்டு மூன்று பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், மறைக்கல்விப் பிள்ளைகளின் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. திரையின் நடுவில் சிவப்பாக ஒரு கேடயம் எழும்பியது. கூடவே காதை அறுக்கும் ஒரு சத்தம். கேடயத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுத்துகள் ஓடின. கம்ப்யூட்டரைப் பாதுகாக்கும் மென்பொருள் பேசுவதுபோல் இருந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் ஆபாசப் படங்கள் ஏராளமாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. சிறுவர் சம்பந்தப்பட்டவையும் அதில் இருக்கலாம். இது சட்டப்படி குற்றம். உடனே சுத்தம் செய்யவும். அதற்கும் கீழே படங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பில் இறங்கின. முதல் நான்கு பெயர்களைப் படித்ததும் கத்தரின் கையை நீட்டித் திரையை அணைத்துவிட்டாள். அடுப்படியில் மிஷெல் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா சத்தம்?"

"ஒன்னுமில்ல. நீ வேலயப் பாரு."

இந்த வீட்டில் யார்? பெண்பிள்ளை செய்யமாட்டாள். டொமினிக்குக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது. மிச்சம் ஒருவன்தான். அவள் ஹாலுக்குள் வரும்போதெல்லாம் லயனல் திறந்திருந்ததைச் சட்டென்று மூடுவான், அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். வேலை கிடையாது என்று வந்த பதில்களை அண்ணி பார்க்கக் கூடாதே என்ற கூச்சம் அது என்று நேற்றுவரை நினைத்திருந்தாள். இன்று அதே காரியம் வேறு முகம் காட்டியது. கித்தார் வகுப்பு, டியூஷனுக்குக் கூட்டிப்போவது, மிஷெலோடு சேர்ந்து சிரிப்பது, எல்லாமே வேறாகத் தெரிந்தன. நாற்பது தாண்டியும் இவன் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை?

அன்றே மிஷெலை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"உண்மய சொல்லு. சித்தப்பா உன்கிட்ட எப்பவாச்சும் தப்பா நடந்துகிட்டாரா?"

பதினாறு வயதுப் பெண் தாயை விழித்துப் பார்த்தாள். "என்னாம்மா பேசுறீங்க?"

"தொட்டாரா? ஏதாச்சும் காட்டினாரா? பயப்படாம சொல்லு."

"இல்லம்மா! சித்தப்பா அப்படிலாம் இல்லம்மா. யாரு சொன்னா?"

"நீ அவர காப்பாத்த வேணாம்."

மிஷெல் அழுதாள். அந்த அழுகையையே கத்தரின் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் பிள்ளை ஏன் அழ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

டொமினிக் லாரிக் கம்பெனியில் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். மென்று முழுங்கித்தான் சொன்னாள். ஆனாலும் சொல்லி முடித்தபோது அது அவள் பார்த்ததைவிடப் பெரிதாகியிருந்தது. டொமினிக் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. லயனல் கோயிலிலிருந்து கித்தாரோடு உள்ளே நுழைந்தான். நுழைந்த வேகத்தில் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"வயசுப்புள்ள இருக்குற வீட்லடா!"

லயனலுக்கு என்னவென்று புரியவே நேரமானது. புரிந்ததும் அவன் அண்ணனைப் பார்க்கவில்லை, கத்தரினைத்தான் பார்த்தான்.

"நான் பாக்கலண்ணி. அப்படி எதுவும் நான் செய்யல."

"கம்ப்யூட்டரே சொல்லுது லயனல்."

"அது பொய் சொல்லுது."

"அதுக்கு உன்மேல என்னா கோவம்? அது ஏன் பொய் சொல்லணும்?"

"அப்ப தொறந்து காட்டுங்க. ஒரே ஒரு படத்தத் தொறந்து காட்டுங்கண்ணி. இங்கயே, எல்லார் முன்னுக்கும்."

"அந்த அசிங்கத்த என் கையால தொறக்கணுமா? உனக்கு மாலு இல்ல?"

வெட்கம் இல்லையா என்று மலாய் வார்த்தையில் அவள் கேட்டது அவனை அண்ணன் விட்ட அறையைவிட அதிகமாகத் தாக்கியது போலிருந்தது. பின்னறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினான். மிஷெலின் கதவுக்கு முன்னால் ஒரு கணம் நின்றான். டொமினிக் குறுக்கே வந்து நின்றுகொண்டார். லயனல் தலையைக் குனிந்தபடி மோட்டாரைக் கிளப்பிப் போய்விட்டான்.

மறுநாள் பூசை முடிந்ததும் கத்தரின் ஜோவானைத் தனியே அழைத்தாள். பிள்ளைகளோடு பழகுகிறவன், சொல்லாமல் இருப்பது பாவம் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். "பேர் வெளிய வர வேணாம். ஆனா அவர இனிமே கூப்பிடாதீங்க" என்றாள். ஜோவான் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துச் சந்தில் தனியாக இருக்கும் நவமணி அக்காவிடமும் மனம் தாங்காமல் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயிலில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

கம்ப்யூட்டரை என்ன செய்வது? கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரன் அந்தப் படங்களைப் பார்ப்பான், யாருடைய வீடு என்று கேட்பான். போலீஸ் வந்தால்? அந்தச் சிவப்புக் கேடயமே ஒரு வழி காட்டியது. முழுப் பதிப்பை வாங்கினால் எல்லாவற்றையும் சுவடில்லாமல் அழித்துவிடுவதாகச் சொன்னது. கத்தரின் வங்கி அட்டையின் எண்ணைத் தட்டினாள். கேடயம் பச்சையாக மாறி, இப்போது சுத்தம் என்றது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒரு மாதம்கூடப் பச்சை நிற்கவில்லை. மறுபடியும் சிவப்பு, மறுபடியும் சத்தம், மறுபடியும் படங்கள். முன்னைவிட அதிகம்.

லயனல்தான் வீட்டில் இல்லையே!

அதற்குப் பிறகு கத்தரின் டொமினிக்கைக் கவனிக்கத் தொடங்கினாள். தெரியாது தெரியாது என்பவர் தெரிந்துகொண்டிருந்தால்? தான் பாலர் பள்ளிக்குப் போனபின் அவர் வீட்டில் இருக்கும் நாள்களை யோசித்தாள். தம்பியை விசாரிக்காமல்கூட அறைந்தாரே, தன் குற்றத்தை அவன் தலையில் போடவா? இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதர் சாப்பிடும்போது அவர் விரல்களைப் பார்த்தாள். அவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். படுக்கையில் நடுவே ஒரு தலையணையை வைத்துக்கொண்டாள். டொமினிக் அதை எடுத்துப் போடவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

அப்படி ஒரு நாளில்தான் நவமணி அக்கா கூப்பிட்டார். எழுபதைத் தாண்டிய விதவை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள், அம்மா தன் முகத்தைப் பெரிதாகப் பார்க்கட்டும் என்று ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"கத்தரின், வந்து பாரேன். மக மூஞ்சியே வரமாட்டுது. என்னமோ செவப்பா வந்து உக்காந்துகிட்டு சூசா கொடுக்குதுலா, ஒரே தொல்ல."

கத்தரின் போய்த் திறந்தாள். நடுவில் சிவப்புக் கேடயம். அதே சத்தம். அதே எழுத்துகள். கீழே ஒவ்வொன்றாக இறங்கிய பெயர்களை அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் நான்கும் அவளுக்கு மனப்பாடம். அதே நான்கு பெயர்கள், அதே வரிசை.

"என்னா எழுதியிருக்கு? எனக்கு இந்தக் கண்ணாடில தெரியல" என்றார் நவமணி அக்கா.

கத்தரின் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இந்த வீட்டில் நவமணி அக்காவும் ஒரு கிளியும்தான். அக்காவுக்கு மகளைக் கூப்பிடும் பொத்தானைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

"அக்கா, இது எப்ப வந்திச்சு?"

"போன வாரம். ஏதோ சமையல் படம் பாத்துக்கிட்டு இருந்தேன். உன் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இல்லன்னு வந்திச்சு. சரின்னு அமுக்கிட்டேன்."

கத்தரின் மடிக்கணினியை மூடிவைத்தாள், இனிமேல் எதையும் அமுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னாள்.

சிலிபின் கடைவரிசையில் தினேஸ்வரி என்று ஒரு பெண் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். ஒரு பெண் என்பதால்தான் கத்தரினுக்கு அவளிடம் போகத் துணிவு வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "அசிங்கமா ஏதாச்சும் வந்தா தப்பா நெனைக்காதம்மா" என்றாள்.

தினேஸ்வரி முதலில் இணைய இணைப்பை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். கேடயம் எழும்பியது. அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"ஓ, இதுவா? இந்த மாசம் நெறய பேரு கொண்டாந்துட்டாங்க ஆண்டி. போலி இது."

"போலின்னா?"

"பாதுகாக்குற மாதிரி நடிக்கும். ஒன்னையும் பாக்காது. இருங்க, காட்டுறேன்."

இழுப்பறையிலிருந்து உறை பிரிக்காத ஒரு பென் டிரைவை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்பதைத் திறந்து காட்டினாள். பிறகு அதைச் சோதித்துப் பார்க்கும்படி கேடயத்துக்குச் சொன்னாள். மூச்சு விடும் நேரத்துக்குள் சோதனை முடிந்தது. புத்தம் புது வெற்று டிரைவில் ஆபாசப் படங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அதே பெயர்கள்.

கத்தரின் அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க கம்ப்யூட்டர்ல?"

"எல்லாப் படத்தயும் தேடிப் பாத்துருவோம்லா, உங்க மனசுக்கு."

தேடினாள். ஞானஸ்நானப் படங்கள் வந்தன. மிஷெலின் பிறந்தநாள், பாலர் பள்ளி விளையாட்டு விழா, லயனல் வேலைக்காக எடுத்துக்கொண்ட டை கட்டிய படம், பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டக் கொடுக்கும் நோவாவின் பேழை, யானைகள், ஒட்டகச்சிவிங்கிகள். அவ்வளவுதான். தினேஸ்வரி கடைசிவரை உருட்டிக் காட்டினாள்.

"ஏன் இந்த மாதிரிப் படம்னு சொல்லுது? வேற ஏதாச்சும் வியாதின்னு சொல்லலாமே?"

"வியாதின்னா அக்கம்பக்கத்துல கேப்பீங்க, கடைக்குக் கொண்டாருவீங்க. இப்படிச் சொன்னா யார்கிட்டயும் கேக்க மாட்டீங்கல்ல. வெக்கப்பட்டுக்கிட்டு நேரா கார்டு நம்பரைத் தட்டிருவீங்க. தட்டிட்டீங்களா ஆண்டி?"

கத்தரின் தலையசைத்தாள்.

"மொதல்ல பேங்குக்குக் கூப்பிட்டு அந்தக் கார்டை நிறுத்துங்க. போன்ல பண்ணுங்க, இதுல வேணாம். பாஸ்வர்டெல்லாம் மாத்துங்க. நெசமான பாதுகாப்பு எதுவும் இப்படிக் கத்தி மெரட்டாது ஆண்டி. மூட விடாம நடுவுல வந்து உக்காராது. மொதல்ல கார்டைக் குடு, அப்புறம் சுத்தம் பண்றேன்னு சொல்லாது. சந்தேகமா இருந்தா எதையும் அமுக்காம, நெட்டை எடுத்துட்டு அப்படியே கொண்டாங்க."

கத்தரின் கடை வாசலில் நின்று வங்கியோடு பேசி முடித்தாள். அதற்குள் தினேஸ்வரி கம்ப்யூட்டரை மிகக் குறைந்த இயக்கத்தில் திறந்து வைத்திருந்தாள். அப்படித் திறந்தால் கேடயத்தால் எழும்ப முடியாதாம். அதைப் பட்டியலில் தேடி நீக்கினாள். ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் விழிக்கும்போதும் கூடவே விழிக்க அது வைத்திருந்த இன்னொரு துண்டையும் எடுத்தாள். இணையத்தில் உலாவும் மென்பொருளுக்குள் போய், எந்தத் தளங்களுக்கெல்லாம் செய்தி அனுப்ப அனுமதி இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக ரத்து செய்தாள். கேடயம் அணைத்துப் போட்டிருந்த, கம்ப்யூட்டரோடு வந்த உண்மையான பாதுகாப்பை மறுபடி எழுப்பி, முழுச் சோதனை வைத்தாள்.

"இது மெதுவாத்தான் போகும். நெசமா பாக்குதுல்ல" என்றாள். பிறகு ஏதோ ஒரு வரியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஆண்டி, இது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியுது. நோவா படமெல்லாம் இறக்கின அதே நேரம். அந்த வெப்சைட்லதான் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. யாரு இறக்கினது?"

கத்தரினுக்கு நினைவு வந்தது. யானை சரியாக வரவில்லை என்று ஒவ்வொரு தளமாகத் திறந்துகொண்டிருந்தாள். ஏதோ பெட்டி குறுக்கே வந்தது, அனுமதி கேட்டது. படம் கிடைத்தால் போதும் என்று படிக்காமல் அமுக்கினாள். லயனல் அன்று வீட்டிலேயே இல்லை. தஞ்சோங் மாலிமுக்குப் போயிருந்தான்.

"நான்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து டொமினிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தலையணையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எழுந்து தம்பியைத் தேடி ஓடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

"விடு" என்றார்.

"என்னங்க விடுறது? நாம போய்ச் சொல்ல வேணாமா?"

"என்னான்னு சொல்லுவ? போலி கேடயம் சொல்லிச்சு, உன்ன அடிச்சேன்னா? அவன் அடங்கிப் போயிருப்பான். மறுபடி கிளறாத."

"உங்களுக்கு அவன் மூஞ்சியப் பாக்க மாலுவா இருக்கு."

"உனக்கு இல்லயா?" என்றார் டொமினிக்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் போனாள். சிம்பாங் பூலாயைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பழைய கித்தா தோட்டம். ரப்பரெல்லாம் போய்ச் செம்பனையாகி வெகுகாலம் ஆயிற்று. ஒரு பக்கம் மலையை உடைக்கிறார்கள். இடிக்காமல் விட்ட ஒரு லயத்து வரிசையில் நாலைந்து வீடுகளில் மட்டும் ஆள் இருந்தது. கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லாரி ஓட்டும் சிநேகிதன் ராட்னி அதில் ஒன்றில் இருந்தான். லயனல் அவனோடு தங்கி, அவன் லாரியில் கூடை தூக்கப் போய்க்கொண்டிருந்தான்.

லயனல் வெளியே பிளாஸ்டிக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நின்றான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டான். கத்தரின் அதில் உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நவமணி அக்கா வீட்டுக் கேடயம், வெற்று டிரைவ், நோவாவின் பேழை. தானே அமுக்கியதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"தப்பு எங்க மேலதான் லயனல். மன்னிச்சிரு. வீட்டுக்கு வந்துரு."

"அண்ணன் வரலயா?"

"அவருக்கு... வேல."

லயனல் சிரித்தான் என்று சொல்ல முடியாது. உதடு மட்டும் அசைந்தது.

"கடைக்காரப் பொண்ணு போலின்னு சொன்னவுடனே ஓடி வந்துட்டீங்க" என்றான்.

"ஆமா. தெரிஞ்ச மறு வாரமே..."

"நானும் அதையேதான் சொன்னேன்ணி. உங்க வீட்டு ஹால்ல நின்னுகிட்டு, அது பொய் சொல்லுதுன்னு. ஒரு படத்தத் தொறந்து காட்டுங்கன்னேன். தொறந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், உள்ள ஒன்னுமில்லன்னு."

கத்தரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொன்னது பத்தல. மிஷெல் சொன்னதும் பத்தல. அவளப் போய் என்னா கேட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இனிமே அந்தப் புள்ள எனக்குப் பக்கத்துல உக்காருமாண்ணி? உக்காந்தாலும், அம்மா என்னா நெனைக்கிறாங்கன்னு பாத்துப் பாத்துத்தானே உக்காரும்? நானும் அப்படித்தானே இருப்பேன்."

"லயனல், நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். ஜோவான்கிட்ட, கோயில்ல..."

"சொல்லுங்க. அது உங்க வேல." அவன் குழாயைத் திறந்தான். "கோவம்லாம் இல்லண்ணி. மன்னிச்சிட்டேன்னு வச்சிக்குங்க. ஆனா வர மாட்டேன்."

பேருந்துக்குக் காத்திருக்கையில், அவன் இன்னும் கொஞ்சம் கத்தியிருந்தால் தேவலையே என்று அவளுக்குத் தோன்றியது. அவன் தன்னைத் திட்டியிருந்தால் தானும் அழுதிருக்கலாம்.

சொன்னபடி போய்ச் சொன்னாள். ஜோவான் கையைப் பிடித்துக்கொண்டு, "அடக் கடவுளே, பாவம் அந்த மனுசன்" என்றாள். கித்தார் வகுப்பைப் பற்றிக் கேட்டதும் பிடி தளர்ந்தது. "இப்ப வேற ஒருத்தர் வந்துட்டாருலா. அதோட பெத்தவங்களும் ஒரு மாதிரியா இருக்காங்க. நான் போய் விளக்கம் சொன்னா, மறந்தவங்களுக்கும் ஞாபகம் வந்துரும்." கத்தரின் விடவில்லை. பூசைக்குப் பின் காப்பி குடிக்கும் இடத்தில் பெண்கள் கூடியிருக்கையில் எழுந்து நின்று, வாய் குழறக் குழறச் சொன்னாள். அமைதியாகக் கேட்டார்கள். இப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்களா என்று அதிசயப்பட்டார்கள். தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த மாதிரி வந்தால் எதை அமுக்குவது, எதை அமுக்கக் கூடாது என்று இரண்டு பேர் கேட்டார்கள். லயனலைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை.

நவமணி அக்காவின் மடிக்கணினியையும் தினேஸ்வரியிடம் கொடுத்துச் சுத்தம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். மகளின் முகம் திரையில் வந்ததும் கிழவிக்கு வாயெல்லாம் பல். மகளிடமும் சொல்லிச் சிரித்தார்: "என் கம்ப்யூட்டர்ல அசிங்கப் படம் இருக்காம்டி! இந்த வயசுல!" பேசி முடித்துவிட்டுக் கத்தரினுக்குத் தேநீர் ஊற்றினார்.

"பாத்தீங்களாக்கா? லயனல் மேல ஒன்னுமே இல்ல. அநியாயமா அவனத் துரத்திட்டோம்."

"ஆமாலா, பாவம்" என்றார் நவமணி அக்கா. தேநீரை ஊதினார். "ஆனாலும் ஒன்னு சொல்றேன் கத்தரின். வயசுப்புள்ள இருக்குற வீட்ல கல்யாணமாகாத ஆம்பளய வச்சிக்கிறதும் நல்லால்ல. படம் இருக்கோ இல்லியோ, போனது ஒருவகைல நல்லதுதான்."

கத்தரின் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துகொண்டாள். சண்டை போட வாய் வந்தது. ஆனால் அக்காவின் குரலில் இருந்தது தன்னுடைய பழைய குரல்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் ஒரு மாற்றமும் வெளியே தெரியாது. கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் வேலை செய்தது. டொமினிக் வேலைக்குப் போனார், வந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் மழையில் நனைந்து திரும்பினார். துண்டை நீட்டிய கத்தரினிடம், "அவன் அங்க இல்ல" என்றார். "வேல கெடச்சுப் போயிட்டானாம். எங்கன்னு ராட்னி சொல்ல மாட்டேங்குறான். சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

அவர் தலையைத் துவட்டவில்லை. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோள்கள் குலுங்கின. கத்தரின் பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா என்று தெரியாமல் நின்றாள்.

சாப்பாட்டு மேசையில் மிஷெல் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தாயிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. கத்தரின் அவளிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தாள். "சரிம்மா" என்றாள் மிஷெல், அவ்வளவுதான். இப்போது அப்பாவைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். அவள் பார்வை நகர்ந்த விதத்தில் கத்தரினுக்குச் சுரீரென்று பட்டது.

"மிஷெல், சித்தப்பா எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

டொமினிக் துண்டை இறக்கினார்.

"உன்கிட்ட பேசுறாரா?" என்றாள் கத்தரின்.

"எப்பவாச்சும் மெசேஜ் போடுவாரு. பரீட்ச எப்படின்னு கேப்பாரு."

"எங்கம்மா இருக்காரு? நல்லா இருக்காரா?"

மிஷெல் குழம்பை எடுத்துச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். "நல்லா இருக்காரு" என்றாள்.

"எங்க?" என்று கேட்டார் டொமினிக்.

மழை இன்னும் விடவில்லை. இரண்டு பேரும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஷெல் அடுத்த வாயை எடுத்து வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். தட்டைக் கழுவப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.